நொதி செத்துவிட்டதா, வாயடைத்துக் கிடக்கிறதா? பப்பாளிப் பாலை வைத்துச் செய்யும் ஆக்சிஜனேற்றச் சோதனையில் பிழை நீக்கும் வழிமுறை

ஜனவரி முடிந்தால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகள். பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போக இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கும். "மேடம், என்சைம் செத்துப்போச்சு" என்றுதான் பேச்சே தொடங்கும். பெரும்பாலும் அது செத்திருக்காது. அதன் கந்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்கிற புகார் வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

புகாருக்குப் போகும் முன், சோதனை எதைப் பற்றியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் வந்து செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டியதும், உள்ளே சில புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட் ஏறுகிறது, அதுதான் சமிக்ஞை. ஏறியதை இறக்கிவிடவென்றே டைரோசின் பாஸ்பேடேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. 1988-இல் மனித நச்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிடிபி1பி அவற்றில் பெயர்பெற்றது. அதன் உயிர் 215-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் ஒரே ஒரு கந்தக அணுவில் இருக்கிறது. சாதாரண சிஸ்டீன் பிஎச் 8.3 பக்கம் போனால்தான் தன் புரோட்டானைக் கைவிடும். இது 5.5 பக்கத்திலேயே விட்டுவிடும். அதனால் செல்லுக்குள் எப்போதும் எதிர்மின்சுமையோடு, எதையும் தாக்கத் தயாராக நிற்கிறது. பாஸ்பேட்டைத் தாக்க உதவும் அந்தக் குணமேதான் அதை ஹைட்ரஜன் பெராக்சைடிடம் மாட்டிவிடுகிறது.

இன்சுலின் வந்ததும் செல், என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைத்துக் கொஞ்சம் பெராக்சைடைத் தானே உண்டாக்குகிறது. பாஸ்பேடேஸின் கந்தகத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறி, அது வாயடைத்துப்போகிறது. சமிக்ஞை தடையில்லாமல் ஓடுகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரியை ஓட்ட ஆக்சிலரேட்டர் வேண்டாம், பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும். அப்படித்தான் இதுவும். அப்புறம் செல்லிலேயே இருக்கும் தயோரெடாக்சினும் குளுட்டாதயோனும் வந்து கந்தகத்தை ஒடுக்கி, அதாவது ஏறிய ஆக்சிஜனை இறக்கி, பிரேக்கைத் திரும்பப் பிடிக்கவைக்கின்றன.

ஆக, கந்தகத்தின் படிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஏறாத தயோல் வேலை செய்யும். ஓர் ஆக்சிஜன் ஏறிய சல்ஃபெனிக் நிலை வேலை செய்யாது, ஆனால் திரும்பி வரும். இரண்டு ஏறிய சல்ஃபினிக் நிலை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, திரும்பாது. மூன்று ஏறிய சல்ஃபோனிக் நிலைக்குத் திரும்பும் வழியே இல்லை. திரும்பி வருவதைக் காட்டினால்தான் நீங்கள் பார்த்தது சமிக்ஞை. திரும்பாவிட்டால் அது வெறும் சேதம். உங்கள் பிராஜெக்டின் முழு மதிப்பும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தூய பிடிபி1பி வாங்க நம் கல்லூரி பட்ஜெட் இடம் தராது. அதனால்தான் பப்பாளிப் பால். அதிலுள்ள பப்பெயின் பாஸ்பேடேஸ் அல்ல, புரதத்தை வெட்டுகிற நொதி. சமிக்ஞையிலும் அதற்குப் பங்கில்லை. ஆனால் அதன் உயிரும் ஒரு சிஸ்டீனில், 25-ஆம் இடத்தில்தான். பக்கத்து ஹிஸ்டிடின் உதவியால் அந்தக் கந்தகமும் எப்போதும் எதிர்மின்சுமையோடு இருக்கிறது, அதுவும் பெராக்சைடுக்கு அடங்கி, ஒடுக்கியைப் போட்டால் எழுந்து வருகிறது. அளக்கும் முறையும் எளிது: கால்சியம் குளோரைடு சேர்த்த பால்பவுடர் கரைசலை 37 டிகிரியில் வைத்து, நொதியை விட்டு, எத்தனை விநாடியில் பால் திரிகிறது என்று பார்ப்பது. நொதியின் வேகம் பாதியானால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

பால் திரியவே இல்லை

பெராக்சைடு பக்கமே போகவில்லை, ஆனாலும் நொதி அசையவில்லை. முதல் கேள்வி, பப்பாளியைக் கீறியது எதனால்? போன வருடம் ஒரு பையன் பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் விடியற்காலை போய் நன்றாகவே பால் இறக்கியிருந்தான். கையில் இருந்தது துருப்பிடித்த இரும்புக் கத்தி. பால் எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் எவர்சில்வர் பிளேடோ மூங்கில் சிம்போ வைத்துத்தான் காயைக் கீறுவார்கள். இரும்பும் செம்பும் பட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனே கந்தகத்தை வேகமாக ஆக்சிஜனேற்றிவிடும். உலோகம் இல்லாவிட்டாலும் காற்றில் கிடந்த பாலில் பப்பெயினில் பெரும்பகுதி அடைபட்டுத்தான் இருக்கும். கடையில் வாங்கும் பவுடரும் அப்படியே. அதனால் அது கெட்டதென்று அர்த்தமில்லை, எழுப்ப வேண்டும். சிஸ்டீன் 5 மில்லிமோலார், ஈடிடிஏ 2 மில்லிமோலார், பிஎச் 6 பக்கம், பத்துப் பதினைந்து நிமிடம். ஈடிடிஏ இருப்பது அந்த இரும்பையும் செம்பையும் கட்டிப்போட.

இந்த இடத்தில் இரண்டு பள்ளம் இருக்கிறது, மாற்றி மாற்றி எல்லோரும் விழுகிறார்கள். ஒன்று, சிஸ்டீன் என்று பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு. கரைத்தால் நல்ல அமிலம். பிஎச்-ஐச் சரிசெய்யாமல் ஊற்றினால் நொதி எழாது. அதைவிட மோசம், அந்த அமிலமே எலுமிச்சைச்சாறு மாதிரி பாலைத் திரித்துவிடும். "சூப்பரா வேலை செய்யுது மேடம்" என்று வாட்ஸப்பில் படம் வரும். நொதி இல்லாமல் வெறும் சிஸ்டீனை ஊற்றி ஒரு குழாய் வையுங்கள் என்பேன். அதுவும் திரிந்திருக்கும்.

இரண்டாவது, ஈடிடிஏ. பால் திரிவதற்குக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ கால்சியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். நொதிக் கரைசலை அதிகமாக ஊற்றினால் கூடவே ஈடிடிஏவும் அதிகமாகப் போய், நொதி பாலின் புரதமான கேசினை வெட்டிக்கொண்டிருந்தாலும் பால் கட்டிதட்டாது. பத்து மில்லி பாலுக்கு அரை மில்லிக்கு மேல் நொதி ஊற்றாதீர்கள். பாலில் கால்சியம் குளோரைடு 10 மில்லிமோலார் இருக்கட்டும்.

கையுறை இல்லாமல் பப்பாளிப் பாலைத் தொடாதீர்கள். புரதத்தை வெட்டுகிற நொதிக்கு உங்கள் தோலும் புரதம்தான்.

பெராக்சைடு ஊற்றியும் வேகம் குறையவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பெராக்சைடை நொதிக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று தின்றுவிடுகிறது, இல்லையென்றால் பாட்டிலில் பெராக்சைடே இல்லை.

பாட்டிலில் இருந்து தொடங்குவோம். மெடிக்கல் கடையில் '20 வால்யூம்' என்று எழுதியிருப்பது நூறு மில்லிக்கு 6 கிராம், அதாவது 1.8 மோலாருக்குச் சற்றுக் குறைவு. ஆய்வகத்து 30 சதவீதப் பாட்டில் புதிதாக இருந்தால் 9 முதல் 10 மோலார். ஆனால் அது வாங்கின அன்று. வெயிலில், பாதி காலியான பாட்டிலில் ஆறு மாதம் இருந்தால் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். அளந்து பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். புறஊதா ஸ்பெக்ட்ரோவும் குவார்ட்ஸ் குவெட்டும் இருந்தால் 240 நானோமீட்டரில் பாருங்கள். 10 மில்லிமோலார் பெராக்சைடு 0.436 காட்டும். கண்ணாடி, பிளாஸ்டிக் குவெட்டுகள் அந்த ஒளியை விடாது, அதில் அளந்துவிட்டு எனக்கு எண் அனுப்பாதீர்கள். வசதி இல்லையா, பிளஸ் டூ பெர்மாங்கனேட் டைட்ரேஷனைத் தூசி தட்டுங்கள். அமிலத்தில் 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 பெராக்சைடு. 0.02 மோலார் பெர்மாங்கனேட் ஒரு மில்லி செலவானால் 50 மைக்ரோமோல் பெராக்சைடு இருந்தது என்று அர்த்தம். காலரிமீட்டர்கூட வேண்டாம்.

பெராக்சைடு சரியாக இருக்கிறது, ஆனாலும் குறையவில்லையா? எழுப்பப் போட்ட சிஸ்டீனை வெளியே எடுத்தீர்களா? 5 மில்லிமோலார் சிஸ்டீன் இருக்கிற குழாயில் 0.2 மில்லிமோலார் பெராக்சைடை விட்டால் ராகிக் களியில் ஒரு துளி நெய் விட்ட கதைதான். சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் ஈடிடிஏ சேர்த்துச் செய்த பஃபரில், பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி மூடி, குளிரில் ஓர் இரவு வைக்க வேண்டும். கொதிக்கவைப்பது கரைந்த ஆக்சிஜனை ஓட்ட, ஈடிடிஏ உலோகத்தைக் கட்ட. ஜெல் வடிகட்டும் சிறிய குழல் கிடைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

போன மார்ச்சில் ஊத்தங்கரையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சிஸ்டீனை எடுத்துவிட்டாள், பெராக்சைடை அளந்துவிட்டாள், ஆனாலும் நொதி குறையவில்லை. இரண்டு நாள் ஃபோனிலேயே தேடினோம். கடைசியில் நொதிப் பவுடர் வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்று இருந்தது. நம் ஊரில் மாம்பழ ஸ்குவாஷ் போடுகிறவர்கள் 'கேஎம்எஸ்' என்று சொல்லி ஒரு சிட்டிகை போடுவார்களே, அதேதான். பப்பாளிப் பால் கெடாமலிருக்கவும் அதைத்தான் போடுகிறார்கள். தண்ணீரில் அது சல்ஃபைட்டாகி பெராக்சைடை உடனே விழுங்கிவிடும். காயிலிருந்து நேரடியாக எடுத்த பாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தோல், சதைச் சாறு கலந்திருந்தால் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியும் வரும். பெராக்சைடு விட்டதும் நுரை குமிழ் வந்தால் அதுதான் அடையாளம்.

கண்ணுக்கே தெரியாத காரணம் ஒன்று மிச்சமிருக்கிறது. சிலர் பால் கரைசலிலும் சிஸ்டீன் போட்டுவிடுவார்கள், 'நொதி நன்றாக வேலை செய்யட்டும்' என்று. அடைபட்ட நொதியை அதில் விட்ட உடனே அது எழுந்து பாலைத் திரிக்கத் தொடங்கிவிடும். பெராக்சைடு தன் வேலையைச் செய்தது, நீங்கள் அளக்கும்போதே அதை அழித்துவிட்டீர்கள். அளக்கும் கரைசலில் ஒடுக்கி எதுவும் இருக்கக் கூடாது.

குறைந்தது, ஆனால் டிடிடி போட்டும் எழவில்லை

இதைக் கேட்டதும் எல்லோரும் "ஓவர் ஆக்சிடேஷன்" என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது.

குழாயில் 5 மில்லிமோலார் பெராக்சைடு. நீங்கள் போட்டது 2 மில்லிமோலார் டிடிடி, அதாவது டைதயோதிரைட்டால் என்ற ஒடுக்கி. ஒரு டிடிடி ஒரு பெராக்சைடைத் தீர்க்கும். ஆக டிடிடி எல்லாம் தீர்ந்த பின்னும் 3 மில்லிமோலார் பெராக்சைடு உட்கார்ந்திருக்கும். இடையில் நொதியும் சும்மா இல்லை. டிடிடி அதைத் திறக்கிறது, மிச்சப் பெராக்சைடு மறுபடி அடைக்கிறது, அடைபட்டதில் சிலது இரண்டாவது ஆக்சிஜனையும் ஏற்றிக்கொண்டு திரும்ப முடியாத இடத்துக்குப் போகிறது. நீங்கள் காப்பாற்றப் போட்ட மருந்தோடு சேர்ந்தே நொதி கெடுகிறது. எனவே முதலில் கேட்டலேஸ் போட்டுப் பெராக்சைடை ஒழியுங்கள், இரண்டு நிமிடம் நிற்கட்டும், அதன்பிறகு டிடிடி. கேட்டலேஸ் போட்டும் பயனில்லை என்றால் பஃபர் பாட்டிலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க யாராவது சோடியம் அசைடு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அசைடு கேட்டலேஸை நிறுத்திவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு செமஸ்டர் போயிற்று. இப்போது சொல்ல ஒரு வரிதான்.

அடுத்தது டிடிடியின் வயது. அது பவுடராகக் குளிரில் இருக்கும்வரை பரவாயில்லை. கரைத்துவிட்டால் காற்றில் தானே ஆக்சிஜனேறிவிடும். அறை வெப்பத்தில் பிஎச் 6.5-இல் அதன் அரை ஆயுள் 40 மணி நேரம், 7.5-இல் 10 மணி நேரம், 8.5-இல் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. திங்கட்கிழமை கரைத்ததை வியாழக்கிழமை ஊற்றி, நொதி எழவில்லை என்று நொதியைத் திட்டுவது நியாயமா? இன்னொன்று, டிடிடியின் தயோல் பிஎச் 9 பக்கம்தான் முழுவீச்சில் இருக்கும். பிஎச் 5.5 பஃபரில் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். பிஎச்-ஐ 7.5-க்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் கொடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் எழவில்லை என்றால்தான் மிகை ஆக்சிஜனேற்றம். அதை நிரூபிக்க வழி, பெராக்சைடைக் குறைத்து, நேரத்தையும் குறைத்து மறுபடி செய்வதுதான். 0.05, 0.1, 0.2, 1, 5 மில்லிமோலார் என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விழுந்தது, எவ்வளவு எழுந்தது என்று இரண்டையும் ஒரே படத்தில் வரையுங்கள். குறைந்த அளவில் விழுந்ததும் எழுந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஓர் இடத்துக்கு மேல் இரண்டு கோடும் பிரியும். பிரிகிற அந்த இடம்தான் உங்கள் பிராஜெக்டின் முடிவு. ஐந்து பக்கம் முன்னுரை எழுதுவதைவிட அந்த ஒரு படம் மேல்.

வைவாவில் "பிடிபி1பி எப்படித் தப்பிக்கிறது?" என்று கேட்பார்கள். பதில் அழகானது. 2003-இல் அதன் வடிவத்தைப் படிகத்தில் பார்த்தபோது, சல்ஃபெனிக் நிலையில் இருந்த கந்தகம், அடுத்த செரினின் முதுகெலும்பு நைட்ரஜனோடு வளையமாகக் கட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் தண்ணீராக வெளியேறிவிடுகிறது. அந்த வளையத்தின்மேல் இரண்டாவது ஆக்சிஜன் எளிதில் ஏற முடியாது, ஆனால் தயோல் வந்தால் வளையம் அவிழும். பிடென் என்ற இன்னொரு பாஸ்பேடேஸில் 124-ஆம் சிஸ்டீன், 71-ஆம் சிஸ்டீனோடு கைகோத்து, இரண்டு கந்தகம் சேர்ந்த பிணைப்பான டைசல்ஃபைடாகிறது. இரண்டுமே பாதுகாப்புக் கொக்கிகள். சமிக்ஞைக்காக அடைபடுகிற நொதி, திரும்பி வரும் வழியையும் தன் வடிவத்திலேயே வைத்திருக்கிறது.

எல்மன் கரைசல் ஒரேயடியாக மஞ்சள்

தயோலை நேரடியாக எண்ண எல்மன் கரைசல் போடுவார்கள், 412 நானோமீட்டரில் மஞ்சள். குவெட்டில் மஞ்சள்தூள் கரைத்த மாதிரி இருந்தால், நீங்கள் எண்ணுவது நொதியின் தயோலை அல்ல, மிச்ச டிடிடியை. டயாலிசிஸ் மறுபடி. மஞ்சளே வரவில்லை என்றால் பிஎச் 8-இல் வைத்தீர்களா என்று பாருங்கள். சுத்தமான பப்பெயினில் ஒரு மூலக்கூறுக்கு ஒரு தயோலுக்கு மேல் கிடைத்தாலும் டிடிடி மிச்சம் என்றே அர்த்தம். அதில் இருக்கும் ஏழு சிஸ்டீனில் ஆறு, மூன்று டைசல்ஃபைடாகக் கட்டுண்டு கிடக்கின்றன.

முளைப்பயிறு பாஸ்பேடேஸ் டிடிடிக்கு அசையவில்லை

'பாஸ்பேடேஸ்தானே சமிக்ஞை நொதி' என்று முளைகட்டிய பச்சைப்பயறிலிருந்து எடுத்துச் செய்கிறவர்கள் உண்டு. பெயர் ஒன்று, குணம் வேறு. அது அமில பாஸ்பேடேஸ். அதன் வேலை சிஸ்டீனில் நடப்பதில்லை. பிடிபி1பியின் கதையை அதன்மேல் ஒட்டவைக்க முடியாது.

இதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தொல்லையும் சேரும். ஃப்ளூரைடு அமில பாஸ்பேடேஸைத் தடுக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதற்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீருக்கான உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே 0.08 மில்லிமோலார். அதைவிடக் கூடுதலான தண்ணீரில் பஃபர் செய்தால் பெராக்சைடு போடும் முன்பே நொதி மந்தமாகிவிடும், எத்தனை டிடிடி போட்டாலும் எழாது. வாலை வடித்த தண்ணீர்தான், வேறு பேச்சில்லை. வாலை செம்பாக இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். முதல் புகாரில் சொன்ன செம்பு அங்கிருந்து வரும்.

ஒரு சின்னக் குறிப்பு: பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் வைத்து அளப்பவர்கள், கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு விட மறக்காதீர்கள். பிஎச் 5-இல் அந்த மஞ்சள் கண்ணுக்கே தெரியாது.

ஆக்சிஜனேற்றினால் வேகம் கூடுகிறது

இதற்காக அழாதீர்கள். உங்கள் நொதி பப்பெயின் என்றால் குழாய் மாறியிருக்கும், லேபிளைப் பாருங்கள். வேறு நொதி என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆக்சிஜனேற்றம் என்றால் நிறுத்தம், ஒடுக்கம் என்றால் ஓட்டம் என்ற சமன்பாட்டை வகுப்பில் நாங்களே பழக்கிவிட்டோம். இயற்கைக்கு அப்படி ஒரு விதி இல்லை. கைனேஸ் என்றால் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. இரத்தக்குழாயைத் தளர்த்தும் புரதக் கைனேஸ் ஜி-யின் ஒரு வகையில், இரண்டு துணைப் புரதங்களின் 42-ஆம் சிஸ்டீன்கள் பெராக்சைடால் டைசல்ஃபைடாக இணைந்ததும் நொதி ஓட ஆரம்பிக்கிறது. டிஎன்ஏ உடைப்பைக் கவனிக்கும் ஏடிஎம் கைனேஸும் ஆக்சிஜனேற்றத்தால் இரட்டையாக இணைந்து விழித்துக்கொள்ளும்.

ஒடுக்கம் விழிக்கவைக்கும் உதாரணம் உங்கள் ஊர் வயலிலேயே இருக்கிறது. காலையில் வெயில் பட்டதும் இலையின் பசுங்கணிகத்தில் எலக்ட்ரான் ஓடி, ஃபெரடாக்சின் வழியாகத் தயோரெடாக்சினுக்குப் போகிறது. அது ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்பேடேஸின் டைசல்ஃபைடைப் பிரித்துவிட, சர்க்கரை கட்டும் வேலை தொடங்குகிறது. இருட்டினால் டைசல்ஃபைடு திரும்பக் கட்டிக்கொள்ளும், வேலை நிற்கும். அந்த நொதியை இலையிலிருந்து எடுத்து டிடிடி இல்லாமல் அளந்துவிட்டு "செயலே இல்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் போய்க் கடைக் கதவைத் தட்டிவிட்டு, கடையே இல்லை என்று எழுதிய மாதிரி.

கணக்குப்படி செல்லுக்குள் இது நடக்கவே கூடாதே

இதைக் கேட்கிற பிள்ளைகள் குறைவு. கேட்டால் எனக்குப் பிடிக்கும். சென்ற வருடம் அரூர்க்காரத் தம்பி ஒருவன் கேட்டான்: "மேடம், பிடிபி1பிக்கும் பெராக்சைடுக்கும் வினைவேக மாறிலி 20 பக்கம்னு போட்டிருக்கு. செல்லுக்குள்ள பெராக்சைடு ஒரு மைக்ரோமோலார்னு வெச்சாலும் பாதி நொதி அடைபட பத்து மணி நேரம் ஆகுதே. இன்சுலின் வேலை நிமிஷத்துல முடிஞ்சுடுதே?"

கணக்கு சரி. 0.69-ஐ 20-ஆலும் (அது மோலாருக்கு, விநாடிக்கு) ஒரு மைக்ரோமோலாராலும் வகுத்துப் பாருங்கள், ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வரும். அதே செல்லில் பெராக்சிரெடாக்சின் என்ற நொதி நிறைய இருக்கிறது. பெராக்சைடோடு அதன் மாறிலி ஒரு கோடி அளவுக்குப் போகும். அதே ஒரு மைக்ரோமோலாரில் பாதி முடிய விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பிடிபி1பி வாயைத் திறப்பதற்குள் பந்தி முடிந்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கச் சில வழிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் பொருந்துகிறது. பெராக்சைடு செல் முழுக்கப் பரவுவதில்லை, ஆக்சிடேஸ் இருக்கும் சவ்வின் ஓரத்திலேயே செறிவாக நிற்கிறது. அந்த ஓரத்தில் இருக்கும் பெராக்சிரெடாக்சினின் 194-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறி, அது சற்று நேரம் ஒதுங்கிக்கொள்கிறது. சில இடத்தில் பெராக்சிரெடாக்சினே அஞ்சல்காரர் வேலை பார்க்கிறது: தான் வாங்கிய ஆக்சிஜனேற்றத்தை ஸ்டாட்3 போன்ற புரதத்துக்குக் கைமாற்றிவிடுகிறது. பெராக்சைடு அதிகமானால் பெராக்சிரெடாக்சினே சல்ஃபினிக் நிலைக்குப் போய் மதகு திறந்துவிடுகிறது. முன்னால் விதிவிலக்கு என்று சொன்னேனே, அது இதுதான். சல்ஃபிரெடாக்சின் என்ற நொதி ஏடிபி செலவழித்து இந்த ஒரு குடும்பத்தை மட்டும் சல்ஃபினிக்கிலிருந்து மீட்டுக் கொண்டுவரும். இவை தவிர, செல்லில் நிறைய இருக்கும் பைகார்பனேட்டும் பெராக்சைடோடு சேர்ந்து பிடிபி1பியை அடைக்கும் வேகத்தைக் கூட்டுகிறது.

இதனால் உங்களுக்கு என்ன? குழாயில் 0.2 மில்லிமோலார் போட்டு நொதியை அடைத்துவிட்டு, "செல்லிலும் இதே நடக்கிறது" என்று எழுதாதீர்கள். குழாய் காட்டுவது கந்தகத்தால் என்ன முடியும் என்பதை. செல்லில் அது எப்போது, எங்கே நடக்கிறது என்பது வேறு சோதனை.

செல் வளர்ப்பில் ஒன்றும் தெரியவில்லை

பெங்களூருவுக்குப் போய் பிராஜெக்ட் செய்கிறவர்கள் ஓசூர் பஸ்ஸில் இருந்தே கூப்பிடுவார்கள். வெளியிலிருந்து பெராக்சைடு விட்டும் செல்லில் மாற்றமில்லை என்றால் வளர்ப்புக் கரைசலில் பைருவேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பெராக்சைடோடு வினைபுரிந்து அசிடேட்டாகிவிடும். சீரமும் கொஞ்சம் தின்னும். ஒரே அளவு பெராக்சைடுக்கு, நெருக்கமாக வளர்ந்த தட்டில் ஒரு செல்லுக்குக் கிடைப்பது குறைவு. அதனால் செல் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

மாறாக, எல்லாக் குழாயிலும், பெராக்சைடு விடாத குழாயிலும்கூட, நொதி ஆக்சிஜனேறியே தெரிகிறது என்றால் தவறு செல்லை உடைத்த நொடியில் நடந்தது. உடைத்ததும் காற்று பட்டு எல்லாத் தயோலும் ஆக்சிஜனேறத் தொடங்கும். உடைக்கும் கரைசலிலேயே என்-எத்தில்மேலிமைடு இருக்க வேண்டும், அப்போதுதான் தயோலாக இருந்தது தயோலாகவே பூட்டப்படும். பிஎச் 7 பக்கம் வைத்துப் புதிதாகக் கரையுங்கள், அதோடு டிடிடியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் அயோடோஅசெட்டமைடு போடுவதானால் குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், வெளிச்சம் ஆகாது.

பாஸ்பேடேஸ் தடுப்பியாக வனடேட் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கணும். மிச்சப் பெராக்சைடு இருக்கும் குழாயில் வனடேட் விழுந்தால் பெர்வனடேட் ஆகும். அது கந்தகத்தைத் திரும்ப முடியாத நிலைவரை ஆக்சிஜனேற்றிவிடும். டிடிடியும் ஈடிடிஏவும் இருக்கும் கரைசலிலோ நேர்மாறு, வனடேட்டின் தடுப்பே போய்விடும்.

நேற்று வந்தது, இன்று வரவில்லை

ராத்திரி கரண்ட் போயிற்றா என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேளுங்கள். ஃப்ரிட்ஜ் நின்று ஓடினால் முதலில் போவது டிடிடி, அடுத்தது நொதி. இரண்டையும் சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து உறையவைத்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்தால் பாதித் தொல்லை போய்விடும். பெராக்சைடை அன்றன்றைக்கு, படிப்படியாக நீர்த்துப்போக வையுங்கள். 10 மோலாரிலிருந்து 0.1 மில்லிமோலாருக்கு ஒரே தாவாகத் தாவினால், பைப்பெட் முனையில் ஒட்டிய துளியே உங்கள் முடிவை மாற்றிவிடும். ஏப்ரல், மே மாதமென்றால் 'அறை வெப்பம்' என்று எழுதாமல் தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணை எழுதுங்கள்.

கூப்பிடும் முன் நான்கு குழாய் வைத்திருங்கள்: ஒன்றில் நொதி மட்டும்; இரண்டாவதில் நொதியும் பெராக்சைடும்; மூன்றாவதில் நொதி, பெராக்சைடு, கேட்டலேஸ், டிடிடி; நான்காவதில் நொதி, கேட்டலேஸ், டிடிடி. கடைசிக் குழாயைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது குழாய் நூற்று இருபது சதவீதம் எழுந்தது என்று ஒருத்தி மகிழ்ச்சியோடு சொன்னாள். நான்காவதை வைக்கச் சொன்னேன், அதுவும் நூற்று இருபது. தொடக்கத்திலேயே அவள் நொதியில் ஒரு பங்கு அடைபட்டுத்தான் கிடந்திருக்கிறது. முதல் புகாருக்குத் திரும்பிப் போங்கள் என்றேன்.